கதவு திறந்திருந்தால் கணக்கு வராது

ஜெயரட்ணம் கராஜை அளப்பது இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இராசமலரின் வேலை. நாடாவின் நுனியில் இருந்த இரும்புத் துண்டு குளிர்ந்துபோய்க் கிடந்தது. அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் நுனிவரைக்கும் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. அந்த விரல்களைக் காப்பாற்றத்தான் இந்த அளவெடுப்பெல்லாம் நடக்கிறது. அதே விரல்களால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லுகிற மனுசனை என்னதான் செய்வது?

“சுவரோட ஒட்டிப் பிடியும் இராசு. நாடா தொங்கினாக் கணக்குப் பிழைச்சுப் போம்.”

“போன கிழமை அளந்தனீங்கள்தானே? அதுக்குள்ள கராஜ் வளந்துபோச்சோ?”

ஜெயரட்ணம் தாளில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். இங்கே ஒக்லாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடமாக ஒனிஹங்காவில் உறைந்த இறைச்சி வைக்கிற களஞ்சியம் ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருடைய கைக்கு ஒரு பென்சிலும் அளக்க ஒரு பொருளும் கிடைத்துவிட்டால் போதும், உலகத்தில் மற்ற எதுவும் காதில் விழாது. நீளம் ஆறு மீற்றர், அகலம் ஆறு மீற்றர், உயரம் இரண்டு தசம் நாலு. சுவரில் குளிர்தாங்கும் பஞ்சு கிடையாது, கூரையிலும் கிடையாது, தரை வெறும் சீமெந்து. அப்படியான இடத்துக்குச் சதுர மீற்றருக்கு நூற்றைம்பது வாட் வேண்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தார். முப்பத்தாறை நூற்றைம்பதால் பெருக்கினார். ஐயாயிரத்து நானூறு வாட். விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டார்.

“கதவு திறந்தெல்லோ இருக்கும்?” என்றாள் இராசமலர்.

“கதவு திறந்திருந்தாக் கணக்கு வராது, இராசு. மூடியிருக்கெண்டு வச்சுத்தான் கணக்கு.”

இந்த ஒரு வசனத்தை அந்த யூலை மாதக் குளிர்காலத்தில் அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று எண்ண முடியாது.

ஒக்லாந்துக் குளிர் பனி கொட்டுகிற குளிர் அல்ல. தெற்குத் தீவுக்காரர் இதைக் குளிர் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் மழையும் காற்றும் சேர்ந்து வந்து, மரப்பலகை வீட்டின் இடுக்கெல்லாம் புகுந்து, துவைத்த துணியை மூன்று நாள் ஈரமாகவே வைத்திருக்கிற குளிர் அது. நகரின் மேற்குப் புறத்து ரானுயியில் அவர்களுடைய கராஜ் வீட்டின் தென்மேற்கு மூலையில் இருந்தது. கடலில் இருந்து வருகிற காற்று நேராக அங்கேதான் விசாரிக்க வரும்.

அந்தக் கராஜுக்குள் கார் நின்று பத்தொன்பது வருடமாகிறது. சரியாகச் சொன்னால் ஒரு நாள்கூட நின்றதில்லை. அது இராசமலரின் குசினி. இரட்டை அடுப்புள்ள காஸ் குக்கர், மீன் வெட்டும் பலகை, உளுந்து அரைக்கிற கிரைண்டர், ஒரு ஆழ்குளிர்ப் பெட்டி, வரிசையாகத் தூள் போத்தல்கள், சுவரில் ஆணியடித்துக் கொழுவிய தாச்சிகள். வெடிப்பது, பொரிவது, புகைவது, மணப்பது எல்லாம் இங்கே. உருட்டிச் சுருட்டும் இரும்புக் கதவை இடுப்பளவுக்கு உயர்த்தி விட்டால் புகையும் மணமும் வெளியே போய்விடும். காற்று உள்ளே வந்துவிடும்.

வீட்டுக்குள்ளே இன்னொரு குசினி இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் புதுப்பித்தது. வெள்ளைக் கல் மேசை, கண்ணாடி மாதிரி மின்னுகிற நாலு வளைய மின்னடுப்பு, அதற்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் வெள்ளிநிறக் கூடு. அந்தக் கூட்டில் கீறல் விழாமல் கடையில் ஒட்டி அனுப்பிய நீல நிறப் பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. அங்கே தேத்தண்ணி போடலாம், பாண் வாட்டலாம், மைக்ரோவேவில் சோறு சூடாக்கலாம். அதற்குமேல் ஒன்றும் கூடாது. சட்டம் போட்டவள் இராசமலர்தான், பழியை வேறு ஆர் தலையிலும் போட முடியாது.

சட்டம் பிறந்தது இந்த வீட்டில் அல்ல, ஒடாஹுஹுவில். வந்த புதிதில் ஆறு வருடம் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சியில் இருந்து ஒரு பெண் கையில் அட்டையோடு இன்ஸ்பெக்ஷனுக்கு வருவாள். சுவரைப் பார்ப்பாள், கார்ப்பெட்டைப் பார்ப்பாள், மூக்கை ஒருமாதிரிச் சுழித்து எழுதுவாள். ஒரு தடவை அவள் அனுப்பிய கடிதத்தில், சமையல் வாடை கார்ப்பெட்டில் ஏறியிருக்கிறது, திருத்தாவிட்டால் ஒப்பந்தம் நீடிக்காது என்று இருந்தது. கையில் ஒரு வயதுக் குழந்தை. வேறு வீடு தேடுவதென்றால் ஆர் தருவார்கள்? அன்றைக்கே இராசமலர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே கார் நிறுத்துகிற கொட்டிலுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் அட்டையில் குறை விழவில்லை.

ரானுயியில் சொந்த வீடு வாங்கி வந்தபோதும் அடுப்பு தானாகவே கராஜுக்குத்தான் இறங்கியது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன வருடம்தான் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே உலர்த்தி இயந்திரங்களின் சூட்டில் விரல்கள் நன்றாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து கராஜில் அரைமணி நேரம் நின்றால் நுனியில் இரத்தம் இல்லாமல் போய்விடும், கத்தி பிடித்திருப்பதுகூடத் தெரியாது. இந்த வருடம் சுட்டுவிரல் நுனியில் ஒரு புண் வந்து ஐந்து கிழமையாக ஆறவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: குளிரில் வேலை செய்வதை நிற்பாட்டாவிட்டால் அந்த நுனியை வெட்டி எடுக்க வேண்டி வரலாம்.

இராசமலருக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இந்தக் கையால்தான் அவள் எல்லாம் செய்தவள். ஜெயரட்ணத்துக்கும் பயம்தான். ஆனால் அந்த மனுசனுக்குப் பயம் வந்தால் அளவு நாடாவைத்தான் எடுக்கத் தெரியும்.

முதலில் எண்ணெய் நிரப்பிய ஹீற்றர் ஒன்று வந்தது. சத்தமில்லாமல் ஒரு மூலையில் நின்றது. அது சூடாக ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. இராசமலரின் சமையல் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் அடுத்த வீட்டுப் பூனை இரும்புக் கதவுக்குக் கீழாலே வந்து ஹீற்றரோடு முதுகை ஒட்டிப் படுத்தது. ரானுயியிலேயே அந்த ஹீற்றரால் பலன் கண்ட ஒரே சீவன் அதுதான்.

“சூடு காணாது. ஆயிரத்தைஞ்ஞூறு வாட்தானே. கணக்குப்படி ஐயாயிரத்துச் சொச்சம் வேணும்” என்று ஜெயரட்ணம் தன் கணக்கு வென்றுவிட்டதுபோலச் சொன்னார்.

அடுத்ததாக விசிறி வைத்த ஹீற்றர்கள் இரண்டு வந்தன. ஒரு பிளக்கில் இரண்டாயிரத்து நானூறு வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதால் இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று. பின்னேரம் நாலரைக்கு இராசமலர் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்தாள். ஜெயரட்ணம் இரண்டு ஹீற்றரையும் ஒன்றாகப் போட்டார். இடப்பக்கத்துக் காற்று அடுப்பு நெருப்பை அணைத்தது. வலப்பக்கத்துக் காற்று மிளகாய்த்தூளை அள்ளி அவள் முகத்தில் அடித்தது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்துவதற்குள் பியூஸ் போய், கிரைண்டர் நின்று, கராஜ் இருண்டுபோனது.

“இது சுவிட்ச் போட்டின்ர பிழை. ஹீற்றர் சரியான அளவுதான்” என்றது இருட்டுக்குள் இருந்து ஒரு குரல்.

அவள் அந்தத் திசையைப் பார்த்து உளுந்துக் கையாலேயே ஒரு கும்பிடு போட்டாள். இருட்டில் அவருக்கு அது தெரியவில்லை.

மறுநாள் ஜெயரட்ணம் தன் வேலைத்தல உறைகுளிர் ஜக்கெற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கால்வரை தொங்குகிற, செம்மஞ்சள் பட்டி ஒளிர்கிற ஜக்கெற். அதைப் போட்டுக்கொண்டு இராசமலர் இரண்டு நாள் சம்பல் இடித்தாள். உடம்பு வேர்த்து வழிந்தது. விரல்கள் வெளுத்தபடியே இருந்தன. கையுறை போட்டுக்கொண்டு வெங்காயம் அரிந்து பார்த்தாள், கையுறையையும் சேர்த்து அரிந்தாள்.

அடுத்த யோசனை சுந்தரமூர்த்தியிடம் இருந்து வந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற கோயமுத்தூர்க்காரர், ஐடி வேலை. எதைக் கேட்டாலும் போனை எடுத்து ஐந்து விமர்சனம் வாசிக்காமல் விடமாட்டார். ஒரு சனிக்கிழமை தன் வான் வண்டியில் ஆளுயரத்துக்கு மேலான ஒரு காஸ் ஹீற்றரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சாப்பாட்டுக் கடைகளில் வெளி மேசைகளுக்குப் பக்கத்தில் குடை மாதிரி நிற்குமே, அதேதான்.

“பதிமூணாயிரம் வாட் சார்! உங்க கணக்குக்கு ரெண்டு மடங்கு. ஆன்லைன்ல பழசா வந்துச்சு, விடலாமா?”

ஜெயரட்ணத்தின் முகம் மலர்ந்தது. உடனே நாடாவை எடுத்து ஹீற்றரை அளந்தார். இரண்டு தசம் இரண்டு மீற்றர். கூரை இரண்டு தசம் நாலு. “கொள்ளும்” என்றார்.

இராசமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அடியில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை வாசித்தாள். “வெளியில மட்டும் பாவிக்கச் சொல்லி எழுதிக்கிடக்கு.”

“கதவு தொறந்துதானேக்கா இருக்கு? அப்ப இதுவும் வெளியதான்” என்றார் சுந்தரமூர்த்தி.

அவளுக்கு ஒரு கணம் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்ததை முதன்முதலாக ஒரு மனிதர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் அவளை உயிரோடு கொளுத்துவதற்காக.

“தம்பி, நீங்கள் குறை நினையாதையுங்கோ. இதைக் கொண்டுபோய் உங்கட வீட்டு வாசல் முத்தத்தில வையுங்கோ” என்றாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு நான் வேண்டாமெண்டா நேராச் சொல்லுங்கோ. இவ்வளவு செலவழிச்சு என்னை எரிக்கத் தேவையில்லை.”

ஜெயரட்ணம் கூரையைப் பார்த்தார், ஹீற்றரைப் பார்த்தார். இடைவெளி இருபது சென்ரிமீற்றர் என்பது அப்போதுதான் அவருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் இரண்டு தடவை அவளுடைய விரலைக் களவாகப் பார்த்தார். அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

கடைசியில் மகள் ராகவிதான் போனில் முடிவுகட்டினாள். நகரத்துக்குள் தனியாக இருக்கிறவள், ஆங்கிலத்தில்தான் பேசுவாள். “அப்பா, ஜஸ்ற் கோல் அன் இலெக்ரீஷியன்” என்றாள். அவளே தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து அனுப்பியும் வைத்தாள். பார்த்தீபன் என்று பெயர். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இப்போது முப்பத்தைந்து வயது, வீட்டைச் சூடாக்குகிற ஹீற் பம்ப் மெஷின் பூட்டுகிற சொந்தத் தொழில். ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கராஜுக்குள் நுழைந்தான்.

ஜெயரட்ணம் தன் கணக்குத் தாளை நீட்டினார். பார்த்தீபன் அதை மரியாதையாக முழுவதும் வாசித்தான்.

“கணக்குச் சரி அங்கிள். ஆறு கிலோவாட் மெஷின் போட்டாக் காணும்” என்றான். பிறகு சுற்றிவரப் பார்த்தான். அடுப்பு, தாச்சி, மீன்பலகை, பாதி உயர்ந்து நின்ற கதவு. “இஞ்ச என்ன வேலை செய்யிறனீங்கள் அன்ரி?”

ஒரு மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கராஜ் எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள், கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள்.

“சமையல் தம்பி. எல்லாச் சமையலும்.”

“அப்ப கதவு?”

“திறந்துதான் இருக்கும். காஸ் அடுப்பு, பொரியல் புகை. மூடினா மூச்சு முட்டிப் போம்.”

பார்த்தீபன் தாளை மடித்து ஜெயரட்ணத்திடம் திருப்பிக் கொடுத்தான். “அங்கிள், கதவைத் திறந்து வச்சுக்கொண்டு இதைச் சூடாக்கிறதெண்டா முழு ரானுயியையும் சூடாக்கோணும். அந்த அளவில என்னட்ட மெஷின் இல்லை.”

ஜெயரட்ணம் கதவைப் பார்த்தார். மூன்று மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம். அளக்காமலே தெரிந்தது.

“உள்ளுக்க வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று இராசமலர் கூட்டிப்போனாள். வீட்டுக்குள் ஹோலில் இருந்த ஹீற் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. குசினிக்குள் நுழைந்ததும் பார்த்தீபன் நின்றுவிட்டான். வெள்ளைக் கல்லைப் பார்த்தான், மின்னுகிற அடுப்பைப் பார்த்தான், நீலத் தாள் ஒட்டிய கூட்டை அண்ணாந்து பார்த்தான்.

“அன்ரி, இது வேலை செய்யாதோ?”

“ஏன் செய்யாமல்? புதுசு தம்பி” என்றார் ஜெயரட்ணம் முந்திக்கொண்டு. “இஞ்ச சமைச்சா வீடு மணக்கும்.”

“ஆருக்கு மணக்கும் அங்கிள்?”

“ஆருக்கெண்டு… கார்ப்பெட்டில ஏறிப்போம். ஆராவது வந்து பாத்தா…”

“ஆர் வருவினம்?”

ஜெயரட்ணம் ஹோல் கார்ப்பெட்டைத் திரும்பிப் பார்த்தார். வெறுமனே கேட்ட கேள்விதான் அது. பார்த்தீபன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு சீனி எங்கே என்று தேடத் தொடங்கிவிட்டான்.

ஆனால் இராசமலருக்குத் தெரியும் ஆர் வருவார் என்று. கையில் அட்டையோடு ஒருத்தி வருவாள். மூக்கைச் சுழிப்பாள், எழுதுவாள். பத்தொன்பது வருடமாக அவள் ரானுயிக்கு வரவேயில்லை. வருவதற்கு அவளுக்கு வழியும் தெரியாது, உரிமையும் கிடையாது. ஒருவேளை வேலையை விட்டுவிட்டு எங்கேயோ பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள். வராத அவளுக்காக இராசமலர் பத்தொன்பது குளிர்காலம் காற்றில் நின்று மீன் பொரித்திருக்கிறாள். இப்போது விரலையும் கொடுக்கப் பார்த்தாள். வீட்டுக்கடன் மோட்கேஜ் கட்டி முடிந்து வங்கி வாழ்த்துக் கடிதம் அனுப்பிய அன்றைக்கும் பாயாசத்தைக் கராஜில்தான் காய்ச்சியவள்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். கணவனில் எரிச்சல், நாடாவில் எரிச்சல், எல்லாவற்றையும்விடத் தன்னில் எரிச்சல்.

பார்த்தீபன் போனதும் அவள் கராஜுக்குப் போனாள். மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்த அறக்குளா மீன் துண்டுகளையும், தாச்சியையும், எண்ணெய்ப் போத்தலையும் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கழுவின கல்லில் தாச்சி டக்கென்று இறங்கிய சத்தத்தில் ஜெயரட்ணம் ஓடி வந்தார்.

“இராசு, என்ன செய்யிறீர்? கல்லில கறை பிடிக்கும்!”

“பிடிக்கட்டும்.”

“கார்ப்பெட்…”

“இது ஆற்ற வீடு?” என்று அவள் கேட்டாள். கத்திக் கேட்கவில்லை. “சொல்லுங்கோ. இது ஆற்ற வீடு?”

அவளுக்கு அந்த நேரத்தில் அந்தப் பதில் வேண்டித்தான் இருந்தது.

“எங்கட வீடு” என்றார் கடைசியில். அதைச் சொல்லிப் பார்த்துவிட்டு, சொன்னது சரிதானா என்று யோசிப்பவர் மாதிரி நின்றார்.

இராசமலர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, கூட்டின் மூலையில் நகத்தை வைத்தாள். சுட்டுவிரலில் கட்டு இருந்ததால் மற்ற விரலால் நெம்பினாள். ஆறு வருடப் பசை இலேசில் விடவில்லை. ஜெயரட்ணம் பக்கத்தில் வந்து மறுமூலையைப் பிடித்தார். இந்தத் தடவை நுனியைப் பிடித்தவர் அவர், இழுத்தவள் அவள். நீலத் தாள் நீளமாகக் கிழிந்து வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். கூடு உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

எண்ணெய் கொதித்தது. முதல் துண்டு இறங்கியதும் சுர்ரென்ற சத்தத்தோடு வாசம் குசினி முழுக்கப் பரவி, ஹோலுக்குள் நடந்து, கார்ப்பெட்டின் மேல் ஏறியது. கூடு உறிஞ்சக்கூடியதை உறிஞ்சியது. மூன்றாவது துண்டுக்குக் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி வீறிட்டுக் கத்தியது. ஜெயரட்ணம் பதறிப்போய் ஹோல் கதவைத் திறக்க ஓடினார்.

“கதவைத் திறவாதையுங்கோ! குளிர் வரும்!” என்றாள் இராசமலர். “குசினி யன்னலை ஒரு விரற்கடை நீக்கிவிட்டு, பழைய பேப்பர் ஒண்டை எடுத்து மணிக்குக் கீழ விசிறுங்கோ.”

அவர் கதிரையில் ஏறி விசிறினார். மணி நின்றது. அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். வலது கையை ஒருதரம் விரித்துப் பார்த்தாள். கட்டுப் போட்ட சுட்டுவிரல் தவிர மற்ற மூன்று விரலும் நுனிவரைக்கும் சிவந்திருந்தன. அவள் அதை அவரிடம் காட்டவில்லை. அவரே கதிரையில் நின்றபடி பார்த்துவிட்டார். அவருடைய கண் கலங்கியது, புகையாக இருக்கலாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிறபோது ஜெயரட்ணம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்ப இராசு… கராஜுக்கு ஹீற்றர்?”

“காரைக் கொண்டுவந்து உள்ளுக்க விடுங்கோ” என்றாள் அவள். “பத்தொன்பது வருசமா அது மழைக்கயும் குளிருக்கயும் வெளியில நிக்குது. அதுக்குக் குளிருதோ எண்டு கேட்டு, கதவை மூடி வச்சுக் கணக்குப் பாருங்கோ.”